மேகக் கணிமை அட்டவணைச் சேமிப்பில் தொகுதிப் பரிவர்த்தனை: கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிப் பதிவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பல தரவுச் செயல்களை ஒரே பரிவர்த்தனையாகத் தொகுத்து நிறைவேற்றும் வசதி மேகக் கணிமை அட்டவணைச் சேமிப்பில் உண்டு. அவ்வசதி ஒரே பிரிவுக்குள் அடங்கும் பதிவுகளுக்கு மட்டுமே உரியது. எனவே பிரிவுத் திறவுகோலைத் தெரிவுசெய்யும்போதே, எந்தெந்தப் பதிவுகள் ஒருங்கே மெய்யாக வேண்டும், எவை தனித்தனியே எழுதப்பட்டுப் பின்னர் ஒப்பிடப்படலாம் என்பதும் முடிவாகிவிடுகிறது. இக்கட்டுரை அக்கருத்தைக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிக்குரிய இருவகைப் பதிவுகளின் வழியாக விளக்குகிறது. கட்டுமானக் கம்பி ஆலையின் உருக்குப் பதிவு ஒன்று; அபாயகரக் கழிவு எடுத்துச்செல்லும் ஏழு படிகள் கொண்ட ஆவணம் மற்றொன்று.

திறவுச்சொற்கள்: மேகக் கணிமை, அட்டவணைச் சேமிப்பு, தொகுதிப் பரிவர்த்தனை, பிரிவுத் திறவுகோல், ஹீட் எண், அபாயகரக் கழிவு ஆவணம்

1. முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், ஆந்திர மாநில எல்லையை அடுத்து, சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி அமைந்துள்ளது. இங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் பழைய இரும்பை மின்தூண்டல் உலையில் உருக்கிக் கட்டுமானக் கம்பி உருட்டும் ஆலைகள் பல இயங்குகின்றன. அபாயகரக் கழிவுகளை ஏற்றுச் சுத்திகரித்துப் பாதுகாப்பாகப் புதைக்கும் பொது நிலையமும் இவ்வளாகத்தில் உள்ளது. முன்னவற்றின் வாயிலிலிருந்து கம்பி ஏற்றிய லாரி வெளியேறுகிறது. பின்னதன் வாயிலுக்குக் கழிவு ஏற்றிய லாரி வந்து சேருகிறது. இரண்டு இடங்களிலும் சரக்கு நகர்வதோடு பதிவுகளும் நகர்கின்றன. ஒரு பதிவு எழுதப்பட்டு அதனோடு சேர்ந்த மற்றொன்று விடுபட்டால், தரம் குறைந்த கம்பி உயர்ந்த தரத்தின் பெயரில் கட்டடத்துக்குள் போகலாம். ஒரு லாரிக் கழிவு எங்கே இறக்கப்பட்டது என்று தெரியாமலே போகலாம்.

இத்தகைய பதிவுகள் தாள் ஏடுகளிலிருந்து கணினிக்கும், அங்கிருந்து மேகக் கணிமைச் சேவைகளுக்கும் மாறிவருகின்றன. அச்சேவைகளுள் எளியதும் செலவு குறைந்ததும் அட்டவணைச் சேமிப்பு ஆகும். அதில் பல செயல்களை ஒரே பரிவர்த்தனையாக்குவது எவ்வாறு, அதன் எல்லை எது என்பதே இக்கட்டுரையின் பொருள். தனி ஆலை எதனுடைய கணினி அமைப்பும் இங்கு விவரிக்கப்படவில்லை. இத்தொழில்களின் பொதுவான பதிவுமுறையே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

2. பரிவர்த்தனை எனும் கருத்து

தரவுத்தளத்தில் பரிவர்த்தனை என்பது, முழுவதும் நிகழ வேண்டும் அல்லது எதுவுமே நிகழக் கூடாது என்ற உறுதிக்கு உட்பட்ட செயல்களின் கூட்டம். ஜிம் கிரே 1981இல் வெளியிட்ட கட்டுரை இக்கருத்தின் சிறப்புகளையும் வரம்புகளையும் ஒருங்கே ஆராய்ந்தது. தியோ ஹேர்டர், ஆந்திரேயாஸ் ராய்ட்டர் ஆகிய இருவரும் 1983இல் இதன் நான்கு பண்புகளை ‘ஏசிஐடி’ என்னும் சுருக்கப் பெயரில் தொகுத்தனர். அவை பிரிபடாமை, முரணின்மை, ஒன்றின் இடைநிலை மற்றொன்றுக்குத் தெரியாமை, நிலைத்திருத்தல் என்பன.

ஒரே கணினியில் இயங்கிய தரவுத்தளத்துக்கு இவ்வுறுதியை அளிப்பது இயல்வதாக இருந்தது. தரவு பல்லாயிரம் கணினிகளில் பரந்தபோது நிலைமை மாறியது. கூகுள் நிறுவனம் 2006இல் வெளியிட்ட பிக்டேபிள் ஆய்வுரையில், பரிவர்த்தனை ஒரே வரிக்குள் மட்டுமே உறுதிசெய்யப்பட்டது. 2011இல் வெளிவந்த மெகாஸ்டோர் ஆய்வுரை, தொடர்புடைய பதிவுகளைச் சிறு குழுக்களாக்கிக் குழுவுக்குள் முழு உறுதியையும், குழுக்களுக்கிடையே தளர்ந்த உறுதியையும் வழங்கியது. அதே 2011இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் தம் மேகச் சேமிப்பின் உள்ளமைப்பை விளக்கி வெளியிட்ட ஆய்வுரையிலும் இதையொத்த அணுகுமுறையைக் காணலாம். அவர்களது அஷூர் அட்டவணைச் சேமிப்பே இங்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

3. அட்டவணைச் சேமிப்பின் அமைப்பும் தொகுதியின் விதிகளும்

அஷூர் அட்டவணையில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு திறவுகோல்கள் உண்டு. முதலாவது பிரிவுத் திறவுகோல். இரண்டாவது வரித் திறவுகோல். இரண்டும் சேர்ந்தே ஒரு பதிவை அடையாளப்படுத்துகின்றன. ஒரே பிரிவுத் திறவுகோல் கொண்ட பதிவுகள் யாவும் எந்நேரமும் ஒரே சேவைக் கணினியின் பொறுப்பில் இருக்கும். வெவ்வேறு பிரிவுகள் வெவ்வேறு கணினிகளின் பொறுப்பில் இருக்கலாம். சுமைக்கேற்ப இடம் மாறவும் கூடும். ஒரு கணினி தன் பொறுப்பிலுள்ள பதிவுகளுக்கு மட்டும் உறுதியளிப்பது எளிது. பல கணினிகள் கூடி உறுதியளிக்க வேண்டுமாயின் அவை ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டும். தொகுதிப் பரிவர்த்தனையின் விதிகள் இவ்வடிப்படையிலிருந்தே பிறக்கின்றன.

அவ்விதிகள் வருமாறு:

அ) தொகுதியிலுள்ள எல்லாச் செயல்களும் ஒரே அட்டவணையில், ஒரே பிரிவுத் திறவுகோலின் கீழ் அமைய வேண்டும்.
ஆ) ஒரு தொகுதியில் 100 பதிவுகளுக்கு மேல் இடமில்லை.
இ) ஒரு பதிவு தொகுதியில் ஒருமுறை மட்டுமே இடம்பெறலாம், அதன்மீது ஒரு செயலே நிகழலாம்.
ஈ) தொகுதியின் மொத்த அளவு 4 மெபிபைட்டை மீறக் கூடாது. தனிப் பதிவின் வரம்பு 1 மெபிபைட்.

செயல்களுள் ஒன்று தவறினாலும் அனைத்தும் கைவிடப்படும். தவறிய செயல் தொகுதியில் எத்தனையாவது என்பதைச் சேவை தன் மறுமொழியில் தெரிவிக்கும்.

‘தொகுதி’ என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் பரிவர்த்தனை எனக் கொள்வது பிழையாகும். அமேசானின் டைனமோடிபி சேவையில் 25 பதிவுகள் வரை ஒரே அழைப்பில் எழுதும் தொகுதி வசதி உண்டு. அதில் சில எழுதப்பட்டுச் சில விடுபடலாம். அச்சேவையில் மெய்யான பரிவர்த்தனை வசதி 2018இல் தனியாகச் சேர்க்கப்பட்டது. முன்னர் 25 பதிவுகளாக இருந்த அதன் வரம்பு 2022இல் 100 ஆக உயர்த்தப்பட்டது. அது பிரிவுகளையும் அட்டவணைகளையும் தாண்டிச் செயல்படும். அதற்கு ஈடாக ஒவ்வொரு பதிவும் ஆயத்தத்துக்கு ஒருமுறை, உறுதிப்படுத்தலுக்கு ஒருமுறை என இருமுறை எழுதப்படுவதால் செலவு இரட்டிக்கிறது. பிரிவெல்லையைத் தாண்டுவதற்குரிய விலை அங்கு வெளிப்படையாகவே தெரிகிறது.

4. உருக்குப் பதிவு: எது ஒருங்கே எழுதப்பட வேண்டும்?

கம்பி ஆலையில் உலையிலிருந்து ஒருமுறை வடிக்கப்படும் உருக்கு முழுவதற்கும் ஓர் எண் இடப்படுகிறது. அதனை ‘ஹீட் எண்’ என்பர். அவ்வுருக்கிலிருந்து வார்க்கப்படும் பில்லட்டுகள், அவற்றிலிருந்து உருட்டப்படும் கம்பிகள், கட்டுகள், ஆய்வுச் சான்றிதழ் ஆகிய அனைத்தும் இவ்வெண்ணாலேயே பின்தொடரப்படுகின்றன.

கட்டுமானக் கம்பிக்குரிய இந்தியத் தரம் ஐஎஸ் 1786 ஆகும். இதில் எஃப்ஈ 500 தரத்துக்குப் பாஸ்பரஸ் 0.055 விழுக்காடு வரையும், கூடுதல் நீட்சித்தன்மை கொண்ட எஃப்ஈ 500டி தரத்துக்கு 0.040 விழுக்காடு வரையுமே அனுமதிக்கப்படுகிறது. முறிவதற்கு முன் நீளும் தன்மை முன்னதற்குக் குறைந்தது 12 விழுக்காடும், பின்னதற்கு 16 விழுக்காடும் இருத்தல் வேண்டும். நிலநடுக்கத்தின்போது கட்டடம் நொறுங்காமல் வளைந்து தாங்குவதில் இந்நீட்சிக்குப் பெரும் பங்குண்டு.

ஒரு ஹீட்டின் கம்பிகள் எஃப்ஈ 500டி எனக் குறிக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். ஆய்வகத்தின் மறு ஆய்வில் பாஸ்பரஸ் 0.050 விழுக்காடு எனத் தெரியவருகிறது. இப்போது மூன்று மாற்றங்கள் நிகழ வேண்டும். ஆய்வு முடிவு எழுதப்பட வேண்டும். ஹீட்டின் தரம் திருத்தப்பட வேண்டும். முன்னர் ஆயத்தமான சான்றிதழ் நீக்கப்பட வேண்டும். முதலாவது மட்டும் நடந்து இணைய இணைப்பு அறுந்தால், ஆய்வகம் தன் கடமையை முடித்ததாகவே எண்ணும். கிடங்கின் திரையிலோ பழைய தரமும் பழைய சான்றிதழும் நீடிக்கும். கம்பியின் பாஸ்பரஸைக் கட்டுமான இடத்தில் எவரும் கண்ணால் கண்டறிய இயலாது. தரம் எதுவெனச் சொல்ல அங்கிருப்பது பதிவு ஒன்றே. எனவே இம்மூன்று செயல்களும் ஒரே தொகுதியில் அமைய வேண்டும். அதற்கு அவை ஒரே பிரிவில் இருந்தாக வேண்டும்.

5. பிரிவுத் திறவுகோலின் தெரிவு

இவ்வகைப் பதிவுக்கு மூன்று தெரிவுகள் எளிதில் தோன்றும். முதலாவது, நாளைத் திறவுகோலாக்குவது. நாளேட்டில் எழுதிப் பழகியோர்க்கு இது இயல்பானது. ஆனால் இரவு 11.50 மணிக்கு வடிக்கப்பட்ட உருக்கு மறுநாள் உருட்டப்படும்போது அதன் பதிவுகள் இரு பிரிவுகளில் சிதறிவிடும். ஒன்றாக நிற்க வேண்டியவற்றை நள்ளிரவு பிரித்துவிடும்.

இரண்டாவது, ஒவ்வொரு கட்டின் எண்ணையும் திறவுகோலாக்குவது. இதில் சுமை நன்கு பரவும். ஆனால் ஒவ்வொரு கட்டும் தனிப் பிரிவாகிவிடுவதால் எந்த இரண்டு கட்டுகளையும் ஒரே தொகுதியில் மாற்ற இயலாது.

மூன்றாவது, ஹீட் எண்ணைத் திறவுகோலாக்குவது. ஆய்வு முடிவு, தரம், சான்றிதழ், பில்லட்டுகள், கட்டுகள் ஆகியவை வெவ்வேறு வரித் திறவுகோல்களுடன் ஒரே பிரிவில் அமையும். ஒரு பிரிவு நொடிக்கு 1 கிபிபைட் அளவுள்ள ஏறத்தாழ 2,000 பதிவுகளைக் கையாளும் என்பது அச்சேவை கூறும் இலக்கு. உருக்காலை ஒன்றின் தேவை இதற்கு வெகுவாகக் குறைந்தது. ஆதலால் தரப் பதிவுக்கு இத்தெரிவே பொருந்தும்.

எனினும் 100 பதிவு வரம்பு இங்கு குறுக்கிடுகிறது. 12 மில்லிமீட்டர் கம்பியின் எடை மீட்டருக்கு 0.888 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள கம்பி ஒன்று ஏறத்தாழ 10.66 கிலோ இருக்கும். கட்டுக்கு 5 கம்பிகள் எனக் கொண்டால் ஒரு கட்டு சுமார் 53 கிலோ. 10 டன் உருக்கிலிருந்து, கழிவைக் கணக்கில் கொள்ளாவிடின், ஏறத்தாழ 187 கட்டுகள் வரும். ஒவ்வொரு கட்டின் பதிவிலும் தரம் எழுதப்பட்டிருந்தால், தரத்தைத் திருத்த இரண்டு தொகுதிகள் தேவைப்படும். இரண்டு தொகுதிகள் என்றால் இரண்டு பரிவர்த்தனைகள். முதலாவது நிறைவேறி இரண்டாவது தவறினால், ஒரே ஹீட்டின் கட்டுகள் இரண்டு தரங்களாகக் காட்சியளிக்கும்.

இதற்குத் தீர்வு தொகுதியைப் பெரிதாக்குவதில் இல்லை. உண்மையை ஓரிடத்தில் வைப்பதில் உள்ளது. தரம் என்பது ஹீட்டின் பண்பு, கட்டின் பண்பன்று. அதனை ஹீட்டின் தலைமைப் பதிவில் ஒருமுறை மட்டும் எழுதி, கட்டுகள் அதனைச் சுட்டுமாறு அமைத்தால், தரமாற்றம் மூன்று பதிவுகளில் முடிந்துவிடும். தொகுதி வரம்பை மீறும் நிலை தோன்றும்போது, ஒரே உண்மை பல இடங்களில் எழுதப்பட்டுள்ளதா என்று முதலில் ஆராய்வது பயன்தரும்.

6. மறுமொழி வராத நிலை

தொகுதி தவறினால் எதுவும் எழுதப்படாது என்பது உறுதி. ஆனால் தொகுதி நிறைவேறி, அதன் மறுமொழி வழியில் தொலைந்துபோனால் அனுப்பியவர்க்கு நிகழ்ந்தது தெரியாது. மின்தடையும் இணைப்புத் தடையும் நேரக்கூடிய தொழிற்பகுதியில் இது புறக்கணிக்கத்தக்க நிலையன்று. மீண்டும் அனுப்பினால் ஒரே செயல் இருமுறை நிகழக்கூடும். அனுப்பாவிட்டால் ஒருமுறைகூட நிகழாமற் போயிருக்கக்கூடும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு செயலுக்கும் அனுப்புநரே ஒரு தனி எண் வழங்கி, அவ்வெண்ணை வரித் திறவுகோலாகக் கொண்ட புதிய பதிவு ஒன்றையும் அதே தொகுதியில் சேர்க்கலாம். முதல் முயற்சி நிறைவேறியிருந்தால், மறுமுயற்சியில் ‘இப்பதிவு முன்னரே உள்ளது’ என்னும் பிழை எழுந்து தொகுதி முழுவதும் தடுக்கப்படும். அவ்வெண்ணுக்குரிய பதிவைப் படித்துப் பார்த்தால் செயல் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பது தெளியும். இருவர் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்தும் இடரையும் இதையொத்த முறையில் தவிர்க்கலாம். ஒவ்வொரு பதிவும் தன் நிலையைக் காட்டும் ‘ஈடேக்’ என்னும் குறியைக் கொண்டுள்ளது. படித்தபோதிருந்த குறி எழுதும்போது மாறியிருந்தால் சேவை அத்தொகுதியை மறுத்துவிடும்.

7. எல்லை தாண்டும் பதிவு: ஏழு வண்ணப் படிகள்

ஹீட் எண் தரப் பதிவுக்குப் பொருந்தினாலும், அனுப்புகைக்குப் பொருந்துவதில்லை. ஒரு லாரியில் பல ஹீட்டுகளின் கட்டுகள் ஏற்றப்படுகின்றன. லாரிச் சுமையை ஒரு பிரிவாக்கினால், கட்டிருப்பைக் குறைப்பது மற்றொரு பிரிவின் செயலாகிறது. ஒரே ஆலைக்குள்ளேயே பிரிவெல்லை கடக்கப்படுகிறது. இரண்டு நிறுவனங்களுக்கிடையே சரக்கு செல்லும்போதோ, ஒரே தரவுத்தளம் என்பதற்கே இடமில்லை.

பல தளங்களை ஒரே பரிவர்த்தனையில் பிணைக்கும் ‘இருகட்ட உறுதிப்பாடு’ என்னும் முறை 1970களிலேயே வகுக்கப்பட்டது. அதில் பங்கேற்போர் அனைவரும் இறுதி ஆணை வரும்வரை தம் பதிவுகளைப் பூட்டிக் காத்திருப்பர். லாரி சாலையில் செல்லும் மணிநேரங்கள் முழுவதும் பதிவுகளைப் பூட்டிவைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஹெக்டர் கார்சியா-மொலினா, கென்னத் சேலம் ஆகியோர் 1987இல் முன்வைத்த ‘சாகா’ முறை வேறு வழியைக் காட்டியது. நீண்ட செயலைச் சிறு பரிவர்த்தனைகளின் தொடராக்கி, இடையில் தவறினால் முன்னவற்றை ஈடுசெய்யும் எதிர்ச்செயல்களை நிகழ்த்துவதே அம்முறை.

இந்தியச் சட்டம் தாளில் இதனையொத்த ஒழுங்கை வகுத்துள்ளது. அபாயகரக் கழிவுகள் தொடர்பான 2016ஆம் ஆண்டு விதிகளில், விதி 19இன்படி கழிவு எடுத்துச்செல்லும் ஆவணம் படிவம் 10இல் ஏழு படிகளாக ஆயத்தமாகிறது. ஏழிலும் அனுப்புநர் கையொப்பமிட்டபின், வெள்ளைப் படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் செல்கிறது. லாரிப் பொறுப்பாளரின் கையொப்பம் பெற்ற மஞ்சள் படி அனுப்புநரிடம் தங்குகிறது. எஞ்சிய ஐந்தும் லாரியுடன் பயணிக்கின்றன. கழிவைப் பெறும் நிலையம் இளஞ்சிவப்புப் படியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஆரஞ்சுப் படியை லாரிப் பொறுப்பாளரிடம் அளிக்கிறது. பச்சைப் படியை வாரியத்துக்கும், நீலப் படியை அனுப்புநருக்கும் அனுப்புகிறது. அனுப்புநர் வேறு மாநிலத்தவராயின் சாம்பல் நிறப் படி அம்மாநில வாரியத்துக்குச் செல்கிறது.

இவ்வொழுங்கைத் தரவுத்தள நோக்கில் காண்போம். ஒவ்வொரு கையொப்பமும் ஓரிடத்தில் நிறைவேறும் சிறு பரிவர்த்தனை. எவரும் மற்றவர்க்காகத் தம் ஏட்டைப் பூட்டிவைப்பதில்லை. மஞ்சள் படி கைவசமிருந்து நீலப் படி வராத நிலையே முற்றுப்பெறாத செயலின் அடையாளம். அனுப்புநரையும் பெறுநரையும் சாராத மூன்றாம் தரப்பான வாரியம், புறப்பாட்டைக் காட்டும் வெள்ளைப் படியையும் வருகையைக் காட்டும் பச்சைப் படியையும் தனித்தனியே பெறுகிறது. வெள்ளை உண்டு, பச்சை இல்லை என்றால் ஒரு லாரிக் கழிவுக்குக் கணக்கில்லை என்று பொருள். தளர்ந்த உறுதி நிலவும் இடத்தில் முரணைத் தடுக்க இயலாது, கண்டறிய இயலும். அக்கண்டறிதலுக்கு இரண்டு முனைகளிலிருந்தும் சான்று வேண்டும்.

இதனை அட்டவணைச் சேமிப்பில் அமைக்கும்போது, பிரிவுக்குள் தொகுதிப் பரிவர்த்தனையும் பிரிவுகளுக்கிடையே ஒப்புகையும் இணைந்து செயல்பட வேண்டும். அனுப்புநரின் ஏட்டில் ஆவண எண்ணே பிரிவுத் திறவுகோல். கழிவின் வகை, எடைமேடை அளவு, லாரியின் விவரம், ‘அனுப்பப்பட்டது’ என்னும் நிலை ஆகியவற்றுடன், பெறுநருக்கும் வாரியத்துக்கும் செல்ல வேண்டிய செய்திகளும் அதே பிரிவில் ‘அனுப்ப வேண்டியவை’ எனும் பதிவுகளாக ஒரே தொகுதியில் எழுதப்பட வேண்டும். பின்னணியில் இயங்கும் தனி நிரல் அச்செய்திகளை அனுப்பி, ஒப்புகை பெற்றபின் முடிந்தவையாகக் குறிக்கும். பதிவு எழுதப்பட்டும் செய்தி மறக்கப்படும் நிலைக்கு இங்கு இடமில்லை. செய்தி இருமுறை சென்றாலும், முன்னர் கூறிய செயல் எண்ணைக் கொண்டு பெறுநர் அதனை அறிந்துகொள்வார்.

கழிவின் தன்மை ஆவணத்தோடு ஒவ்வாமல் நிலையம் லாரியைத் திருப்பியனுப்பினால், ‘அனுப்பப்பட்டது’ என்னும் பதிவை அழிப்பது தவறாகும். லாரி புறப்பட்டது உண்மை, திரும்பியதும் உண்மை. ‘திரும்பியது’ என்னும் புதிய பதிவே ஈடுசெய் செயல். அதே விதிகள் கழிவை ஆலையில் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்க அனுமதிப்பதில்லை. பதிவு அழிக்கப்பட்டால் அந்நாட்கணக்கின் சான்றும் உடன் அழியும்.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழி பெறப்படும் கருத்துகள் வருமாறு:

அ) அட்டவணைச் சேமிப்பின் தொகுதிப் பரிவர்த்தனை ஒரே பிரிவுக்குள் முழு உறுதி அளிக்கிறது. எனவே பிரிவுத் திறவுகோல் வேகத்தைக் கருதி மட்டும் தெரிவுசெய்யப்படலாகாது. எவை ஒருங்கே மாற வேண்டும் என்பதே முதற் கேள்வியாக வேண்டும்.

ஆ) 100 பதிவு வரம்பு தடையாகும் இடங்களில், ஒரே உண்மை பல பதிவுகளில் பெருகியிருப்பது காரணமாக இருக்கலாம். அதனை ஓரிடப்படுத்துவது தொகுதியைச் சுருக்குவதோடு முரணையும் நீக்கும்.

இ) மறுமொழி தொலையும் நிலையை எதிர்பார்த்து, ஒவ்வொரு தொகுதியிலும் செயல் எண்ணைச் சேர்ப்பது இன்றியமையாதது.

ஈ) நிறுவன எல்லையைத் தாண்டும் செயல்களில் ஒரே பரிவர்த்தனையை நாடுவதைவிட, படிப்படியான ஒப்புகையும் இருமுனைச் சான்றும் ஏற்றவை. ஏழு படி ஆவணம் இதற்குத் தக்க சான்று.

உ) தாள் ஆவணத்தைக் கணினிக்கு மாற்றுவோர், பல படிகள் இருப்பதைத் தேவையற்ற இரட்டிப்பாகக் கருதி ஒரே பதிவாகச் சுருக்குவதில் இடர் உண்டு. ஒவ்வொரு படியும் வெவ்வேறு பொறுப்பாளர் தனித்து அளித்த சான்று. அவற்றை ஒன்றாக்கினால் ஏடு எளிமையாகும். ஆனால் வழியில் காணாமற்போன லாரியைக் காட்டிக்கொடுக்கும் ஒப்பீட்டுக்கு வழியிராது.